ஐந்து மீன்களின் வமிசம்

வெளியூரிலிருந்து வந்த பண்டங்களுக்குப் பெயர் வைப்பதில் நம் ஜனங்களுக்கு ஒரு தனிச் சாமர்த்தியம் உண்டு. கப்பலில் வந்து இறங்கியது எதுவானாலும் அதன் தலையில் 'சீமை' என்ற சொல்லைச் சூட்டி வீட்டுக்குள் சேர்த்துக் கொண்டு விடுவார்கள். சீமைச் சுண்ணாம்பு, சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைக் கருவேல் என்று அந்த ஜாபிதா நீளும். மிளகாய்க்கு இந்த அடைமொழிகூட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டு வந்த அந்தக் காய், மிளகின் பெயரையே எடுத்துக் கொண்டு, கடைசியில் மிளகையே அஞ்சறைப் பெட்டியின் மூலைக்குத் தள்ளிவிட்டது.

இந்த வரிசையில் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்த ஒரு விருந்தாளிக்கு நம்மவர் இட்ட பெயர் எல்லாவற்றையும்விட ருசியானது. ஜிலேபி! ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஜிலேபி இரண்டு வகை. மிட்டாய்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஒன்று. மீன்காரியின் கூடையில் துள்ளுவது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது சந்தேகம் வராமல் இருக்க 'ஜிலேபிக் கெண்டை' என்பார்கள். உண்மையில் நம்முடைய கெண்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாண்டியன் கொடியில் ஏறியது நம் மீன்; பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்லிப் புலவர்கள் ஓயாமல் பாடியது நம் கெண்டை. அவ்வளவு பெரிய குலத்தின் பெயரை நேற்று வந்த ஓர் ஆப்பிரிக்க மீனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

'ஜிலேபி' எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த மீனுக்கு உலகம் வழங்கும் பெயர் திலாப்பியா. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பேசப்படும் ஸ்வானா பாஷையில் மீனுக்குரிய சொல்லை வைத்து, 1840-ம் வருஷம் ஆண்ட்ரு ஸ்மித் என்பவர் இட்ட பெயர் அது. மலையாளத்தார் அதைத் திலோப்பி, சிலோப்பி, பிலோப்பி என்று பல தினுசாக உருட்டிக் கொண்டார்கள். நம்மவர் வாயில் அது ஜிலேபியாகிப் பாகில் விழுந்தது என்பது என் அபிப்பிராயம். மலாய் நாட்டில் அதற்கு 'ஜப்பான் மீன்' என்று ஒரு பெயர். இலங்கைத் தமிழரும் 'யப்பான் மீன்' என்று சொல்லுவார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த மீன் ஜப்பான் மீன் ஆனது எப்படி, பிறகு நம்முடைய ஜிலேபி ஆனது எப்படி என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். கதையிலே அரசியல் உண்டு, யுத்தம் உண்டு, பஞ்சம் உண்டு. முடிவிலே ஒரு பெரிய விசித்திரமும் உண்டு.

விசித்திரத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். உலகத்திலே அழிந்து போகும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்குச் 'சிவப்புப் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறது. 2019-ம் வருஷத்திய கணக்கில் இந்த மீன் அந்தப் பட்டியலில் 'பாதிப்புக்கு உள்ளாகக் கூடியது' என்ற வகுப்பில் இடம் பெற்றது. அதே விஞ்ஞானிகளின் உலகம் இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறது: போன இடத்தையெல்லாம் பாழ் பண்ணிய மிக மோசமான நூறு அந்நிய உயிர்களின் பட்டியல். அதிலும் இதே மீன் இருக்கிறது! வீட்டில் நோயாளி, வெளியே ரௌடி. ஒரே பிராணிக்கு இப்படி இரண்டு ஜாதகம் எழுதியது யார்?

*

ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் ஸாம்பெஸி என்ற மாநதி கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியிலும், தெற்கே லிம்போபோ நதியிலும், அங்கிருந்து தென்னாப்பிரிக்கக் கரையோரமாக உள்ள சிற்றாறுகளிலும் ஏரிகளிலும் இந்த மீன் ஆதி காலம் தொட்டு வாழ்ந்து வந்தது. போர்த்துகீசியர் ஆண்ட மொஸாம்பிக் நாட்டில் 1840-களில் சில வருஷங்கள் சுற்றித் திரிந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டெடுத்து, 1852-ல் அந்த நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்: 1852. சரியாக நூறு வருஷம் கழித்து அது நம் நாட்டுத் தண்ணீரில் இறங்கப் போகிறது.

அந்தக் கரையோரத்து நீர்நிலைகளில் ஸிபாயா என்று ஓர் ஏரி. தென்னாப்பிரிக்காவிலே இயற்கையாக அமைந்த நன்னீர் ஏரிகளில் மிகப் பெரியது. கடலுக்கும் அதற்கும் நடுவே மணல் மேடுகள் மாத்திரம். 1970-களில் அந்த ஏரியில் இந்த மீனின் வாழ்க்கையை ஆராய்ச்சிக்காரர்கள் கூர்ந்து கவனித்தார்கள். வெயில் காலத்தில் கரையோரத்து ஆழமில்லாத வெதுவெதுப்பான நீருக்கு வரும். குளிர் வந்ததும் ஆழத்துக்குப் போய்விடும். குளிர் மாத்திரம் அதற்கு ஆகாது.

அதன் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண் மீன் கன்னங்கரேல் என்று கறுத்து, துடுப்பு ஓரத்திலே சிவப்புக் கரை கட்டிக் கொண்டு, அடி மணலைத் தோண்டித் தாம்பாளம் போல ஒரு பள்ளம் அமைக்கும். பெண் அங்கே வந்து முட்டையிடும். இட்டவுடன் முட்டைகளை வாயில் வாரிக் கொள்ளும். ஆணின் வேலை அதோடு தீர்ந்தது. குஞ்சு பொரித்து, பொரித்த குஞ்சு நீந்தத் தெரிந்து கொள்ளும்வரை தாயின் வாய்தான் தொட்டில். அந்த நாட்களில் அவள் ஏறக்குறைய விரதம். குஞ்சுகள் வெளியே வந்து விளையாடும்போது தண்ணீர் சற்றுக் கலங்கினால் போதும், அத்தனையும் திரும்ப வாய்க்குள் ஓடி ஒளிந்து கொள்ளும். இத்தனை பத்திரமாக வளர்க்கிற தாய்க்கு ஆயிரக்கணக்கில் முட்டை எதற்கு? சில நூறு போதும். அந்தச் சில நூறில் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளே தாய் தகப்பன் ஆகிவிடும்.

நம் மண்ணிலேயே இந்தக் குடும்பத்துக்குத் தாயாதிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்தார் வாழையிலையில் வைத்துப் பொள்ளித்துச் சாப்பிடும் கரிமீன் ஒரு விதத்தில் இதற்குத் தூரத்து உறவு. நம் பழவேற்காட்டிலும் அது கிடைக்கும். கரிமீனும் குஞ்சுகளைக் காவல் காக்கும் நல்ல பெற்றோர்தான். ஆனால் புருஷனும் பெண்சாதியுமாகக் கூட இருந்து காக்கும். வாயில் வைத்துக் காக்கிற வித்தை அதற்குத் தெரியாது. பிள்ளை வளர்ப்பில் இருந்த இந்தச் சிறு வித்தியாசம் பின்னால் எவ்வளவு பெரிய வித்தியாசம் ஆயிற்று என்று பார்க்கப் போகிறோம்.

*

ஜாவாத் தீவின் கிழக்குப் பகுதியில் பிளிட்டார் என்று ஓர் ஊர். 1939-ம் வருஷம் அந்தப் பக்கத்தில் இருந்த முஜாயிர் என்பவர், சேராங் என்ற சிற்றாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு மீனைக் கண்டார். அவருக்கு அகப்பட்டவை ஐந்து. ஆப்பிரிக்க மீன் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி அங்கே எப்படி வந்தது என்பது இன்றுவரை துலங்காத மர்மம். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர் யாரோ கொட்டிவிட்டிருக்கலாம் என்று சொல்லுகிறார்கள். முஜாயிர் அவற்றை உப்புத் தண்ணீரிலிருந்து சிறுகச் சிறுக நல்ல தண்ணீருக்குப் பழக்கினார். மீன் பழகிக் கொண்டது. அந்த நாட்டில் இன்றும் அதற்கு அவர் பெயர்தான்: 'முஜாயிர் மீன்'. ஒரு குடியானவரின் பெயர் ஒரு ஜீவராசிக்கே பெயராக நிலைத்தது என்றால் அது லேசான பெருமை அல்ல.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். அங்கே குளங்களில் பால்மீன் வளர்ப்பது பரம்பரைத் தொழில். பால்மீன் குளத்தில் குஞ்சு பொரிக்காது. கடலோரத்தில் அதன் குஞ்சுகளைச் சேகரித்துக் கொண்டு வந்து விடவேண்டும். யுத்த நெருக்கடியில் அந்தப் போக்குவரத்து அறுந்தது. குளங்கள் காலி. சோற்றுக்கே பஞ்சமான காலத்தில், விட்ட இடத்திலே தானாகப் பெருகும் முஜாயிர் மீன் தெய்வமாக வந்து வாய்த்தது. ஜப்பானியர் அதை ஊர் ஊராகப் பரப்பினார்கள். மலாய் நாட்டுக்கும் அது போயிற்று. 'ஜப்பான் மீன்' என்ற பெயரின் கதை இதுதான். துப்பாக்கியோடு வந்தவர்கள் தோற்றுத் திரும்பிப் போனார்கள்; அவர்களோடு வந்த மீன் தங்கிவிட்டது.

யுத்தம் முடிந்ததும் பிரயாணம் வேகம் பிடித்தது. 1946-ல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பிய வூ, குவோ என்ற இரண்டு தைவான்காரர்கள் சில குஞ்சுகளைக் கூடவே கொண்டு போனார்கள். அங்கே அந்த மீனுக்கு 'வூ-குவோ மீன்' என்றே பெயர் விழுந்தது. 1949-ல் தாய்லாந்து. 1950-களின் ஆரம்பத்தில் இலங்கை. எல்லாம் அந்த ஐந்தின் வமிசம். ஆசியாக் கண்டத்தில் பரவிய இந்த மீன் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் ஒரு கைப்பிடி மூதாதைகளிலிருந்து வந்தது என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். அதற்கு இந்தக் கதையின் முடிவில் வேலை இருக்கிறது.

*

இனி நம் வீட்டுக் கதை. மீனுக்கென்று தனி இலாகா ஏற்படுத்துவதில் சென்னை ராஜதானி முன்னோடி. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் முயற்சியால் 1907-ல் அது உருவாயிற்று. அந்நிய மீனைக் கொண்டு வந்து விடுவதும் நமக்குப் புதிதல்ல. 1916-ல் கௌராமி மீன் வந்தது. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குச் சீமைக் கெண்டை ஒன்று வந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் இல்லாத அவசரம் ஒன்று 1950-களில் இருந்தது. பசி!

அந்தக் காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரேஷன் கார்டும் அவுன்ஸ் கணக்கு அரிசியும், மழை பொய்த்த வருஷங்களும், 'அதிக உணவு உற்பத்தி செய்வோம்' என்ற சர்க்கார் சுவரொட்டியும். 1952 ஏப்ரலில் முதன்மந்திரியான ராஜாஜி, ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதே 1952-ல்தான் தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்த மீன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்த்துப் பார்த்து, என்.கே. பணிக்கரும் பி.ஆர்.எஸ். தம்பியும் 1954-ல் விவரமாக ஒரு கட்டுரை எழுதினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்க் கூலிகளை நிறுத்தி நோய் சோதித்து அனுப்பிய முகாம் இருந்ததும் அதே மண்டபந்தான். பசிக்காக மனிதர்கள் அங்கிருந்து அக்கரைக்குப் போனார்கள். பசிக்காகவே ஒரு மீன் வெளிநாட்டிலிருந்து அங்கே வந்து இறங்கியது.

கொண்டு வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மீனின் குணங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். குளத்திலும் வளரும், கழியிலும் வளரும், கடல் நீரிலும் சாகாது. பாசியைத் தின்னும், குப்பையைத் தின்னும். விலை கொடுத்துத் தீனி வாங்க வேண்டாம். பிராணவாயு குறைந்த நாற்றத் தண்ணீரிலும் பிழைக்கும். முட்டைக்கோ குஞ்சுக்கோ யாரையும் கேட்க வேண்டாம். பசித்த நாட்டின் அதிகாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜனங்களுக்குச் சோறு போட வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியங்கள்தான் பெரும்பாலும் திருப்பி எடுக்க முடியாதவையாக ஆகின்றன. கெட்ட எண்ணம் என்றால் யாராவது தடுத்திருப்பார்கள்.

விஷயம் விரைவிலேயே விளங்கியது. குளத்தில் விட்ட மீன் மளமளவென்று பெருகியது. பெருகிய வேகத்தில் இடம் போதாமல் குறுகியது. நெருக்கம் அதிகமானால் இந்த மீன் வளர்ச்சியை நிறுத்திக் கொண்டு, விரலளவிலேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். முழங்கை நீள மீன் எதிர்பார்த்தவனுக்கு வெற்றிலை அளவு மீன் கூடை கூடையாகக் கிடைத்தது. வெள்ளத்தில் குளம் உடைத்து ஏரிக்கும், ஏரியிலிருந்து ஆற்றுக்கும் போயிற்று. அமராவதி நீர்த்தேக்கத்தில் அதுவே ராஜ்யம் ஆளத் தொடங்கியது. நம் நாட்டுக் கெண்டைகள் மழையை எதிர்பார்த்து, வெள்ளத்தை எதிர்பார்த்து, வருஷம் ஒரு முறை முட்டையிடுபவை. முட்டையை விதியின் கையில் விட்டுவிட்டுப் போகிறவை. மாதா மாதம் வாயில் குஞ்சு சுமக்கிறவளோடு அவை எப்படிப் போட்டி போடும்? உதயப்பூருக்கு அருகே ஜெய்சமந்த் ஏரியில் இது புகுந்தபின் பெரிய கெண்டைகளின் சராசரி எடையே குறைந்து போயிற்று.

1959-ல் இந்திய மீன் ஆராய்ச்சிக் குழு, இனி இதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது. வந்து ஏழே வருஷம்! ஆனால் உத்தரவைப் படிக்க மீனுக்குத் தெரியாதே.

இங்கே ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் அதே மீன் இலங்கைக்கும் போயிற்று என்றேன் அல்லவா? அங்கே அதைச் சபிப்பவர் குறைவு. பராக்கிரம சமுத்திரம் போன்ற பழைய ராஜாக்கள் வெட்டிய பெரும் வாவிகளில் அதற்கு முன் சொல்லும்படியாக மீன்பிடித் தொழிலே இல்லை. அந்தத் தீவின் சொந்த மீன்கள் ஆற்று வாழ்க்கைக்குப் பழகியவை. அகன்ற ஏரியில் பரவி வாழத் தெரியாதவை. காலி வீட்டில் குடி வந்தது போல இந்த மீன் புகுந்தது. உள்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான மீன் கிடைத்தது. கட்லாவும் ரோகுவும் கல்பாசும் குடியிருந்த நம் நாட்டிலோ அது இருந்தவர் வீட்டில் புகுந்த கதையாயிற்று. ஆகவே மீனை மாத்திரம் வைத்து நல்லது கெட்டது தீர்மானிப்பதற்கில்லை. போன இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

*

எண்ணூருக்கு வருகிறேன். ஒரு காலத்தில் சென்னைத் துரைமார் காற்று வாங்கப் போன இடம் அது. வெள்ளி போன்ற கழி, அதன் முகத்துவாரம், உப்பளங்கள், சவுக்குத் தோப்பு. 1806-ல் பேஸில் காக்ரேன் என்பவர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் கொன்று குவித்தபோது, கஞ்சிக்கு வேலை செய்த ஜனங்களின் கைகளால் அந்தக் கால்வாய் விரிவு பெற்று, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டா விறகும் பக்கத்து உப்பும் படகுகளில் அதன் வழியாகத்தான் பட்டணத்து அடுப்புக்கு வந்தன. கொசஸ்தலை ஆறு அங்கே கடலைச் சேருகிறது. மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக் குப்பத்துக்கும் சோறு போட்டன. வலை இல்லாதவர்கள்கூட இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தார்கள்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். 1990-களில் கழிக்கு வடக்கே இன்னொரு மின் நிலையம். 2001-ல் புதுத் துறைமுகம். இவையும் நல்ல எண்ணத்தோடு வந்தவைதாம். இருட்டில் கிடந்த ஊருக்கு விளக்கு வேண்டாமா, வேலையில்லாத பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்றுதான் கேட்டார்கள். நிலக்கரிச் சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டு போகும் குழாய்கள் ஒழுகின, கழியின் அடியில் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது. கொதிநீர் வந்து கலந்தது. 1970-ல் தொடங்கிய மின் நிலையத்தை 2017-ல் மூடியும் விட்டார்கள். நிலையம் போயிற்று, சாம்பல் இருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழி முழுவதும் கறுத்தது. படகும் வலையும் பாழ், கூழைக்கடாக்களின் சிறகெல்லாம் கீல்.

இந்தத் தண்ணீரிலும் அந்த ஜிலேபி இருக்கிறது. எது எது போனாலும் கடைசிவரை தாக்குப் பிடிக்கிற மீன் அதுதான்.

கோடையில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை உண்டு. அந்த நாட்களில் கடல் மீன் யானை விலை விற்கும். அப்படி ஒரு நாள் திருவொற்றியூர்க் கடைத்தெருவில் ஒரு வயதான அம்மாளிடம் கூடையில் ஜிலேபி இருந்தது.

"எந்த ஊர் மீன் ஆயா?" என்று கேட்டேன்.

"கேக்கிறவங்களுக்குப் புழல் ஏரி மீனு" என்றாள்.

"நானும் கேட்கிறவன்தானே?"

அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கொயந்த குட்டி வச்சிக்கிறியா நைனா? அப்பன்னா வாணாம். இது நம்ம எண்ணூர் ஆத்து மீனு. எண்ண நாத்தம் அடிக்குதுன்னு எவனும் வாங்க மாட்றான். அதான் ஏரி மீனுன்னு சொல்றது."

"நீங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லையா?"

"விக்காத மீன இன்னா செய்றது? துன்னுதான் ஆவணும். முன்ன எல்லாம் இத்த நாங்க சீண்ட மாட்டோம். எறா கீது, கொடுவா கீது, இத்த எவன் துன்னுவான்? வலையில வந்தா கரையில வீசிட்டுப் பூடுவோம். இப்ப இதுனாச்சும் வருதேன்னு கீது."

அந்த அம்மாள் சொன்ன நாலு வார்த்தையில் எழுபது வருஷச் சரித்திரம் அடங்கிவிட்டது. எந்த ஏழைக்குச் சோறு போட என்று 1952-ல் கொண்டு வந்தார்களோ, அந்த ஏழையிடம் அது கடைசியில் வந்து சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் எந்தக் கோலத்தில்! மற்ற மீன்களெல்லாம் இருந்த நாளில் அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வேறு மீன் இல்லை என்று ஆன பிறகு அது மிஞ்சியிருக்கிறது. அதிலும் பிள்ளைக்குக் கொடுக்கப் பயம்.

இப்போது அதற்கும் ஒரு போட்டி வந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிறு மட்டி, கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றி வந்து கொட்டும் தண்ணீரோடு வந்ததாகச் சொல்லுகிறார்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடித்தரையில் கம்பளி விரித்தாற் போலப் படர்ந்துவிட்டது. மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இறாலுக்கு மேய இடமில்லை. கையால் தடவிப் பிடிப்பவர்களின் விரலைக் கிழிக்கிறது. ஜிலேபிக்கு இனிப்பான பெயர் வைத்த ஜனங்கள் இதற்கு அப்படி வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

ஆரம்பத்தில் சொன்ன விசித்திரத்துக்குத் திரும்புவோம். உலகத்தையெல்லாம் பிடித்த மீனுக்குத் தன் சொந்த ஊரில் என்ன ஆபத்து?

அதற்கும் காரணம் ஒரு விருந்தாளிதான். அதன் பெரியப்பன் மகன் ஒருவன் நைல் நதியில் இருக்கிறான். எகிப்தியக் கல்லறைச் சித்திரங்களில் தாமரைக் குளத்து மீனாகக் காண்பவன் அவனது குலந்தான். உருவத்தில் பெரியவன், வளர்ச்சியில் வேகமானவன். மீன் பண்ணைக்காரர்களுக்கு அவன்மேல் ஆசை. தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் பண்ணைகளுக்காகக் கொண்டு வந்த நைல் திலாப்பியா, பண்ணையை விட்டு வெளியேறி 1990-களில் லிம்போபோ நதியிலே காணப்பட்டது. இரண்டும் நெருங்கிய இனமாகையால் கலப்பு மணம் சுலபமாக நடக்கிறது. பிறக்கிற குஞ்சு தூய மொஸாம்பிக் மீன் அல்ல. தலைமுறை தலைமுறையாக அசல் கரைந்து கொண்டே போகிறது. யாரும் அதைக் கொல்லவில்லை. உறவாடியே இல்லாமல் ஆக்குகிறார்கள். நம் ஏரிகளில் நம் கெண்டைக்கு அது செய்ததை, வேறொரு ரீதியில், அதன் ஊரில் அதற்கு இன்னொருவன் செய்கிறான்.

அப்படியானால், எண்ணூரில் இவ்வளவு இருக்கிறதே, கொஞ்சம் அள்ளித் திருப்பி அனுப்பினால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். முடியாது. அந்த ஐந்து மீன்களை நினைத்துப் பாருங்கள். ஐந்திலிருந்து பெருகிய வமிசத்தில் எண்ணிக்கை கோடியானாலும் இரத்தம் ஐந்தின் இரத்தந்தான். ஒரு ஜாதி காலம் மாறினாலும், நோய் வந்தாலும், தண்ணீர் குளிர்ந்தாலும் பிழைத்திருக்க வேண்டுமானால் அதற்குள் பல தினுசு வேண்டும். ஸாம்பெஸியிலும் லிம்போபோவிலும் ஸிபாயாவிலும் பல்லாயிரம் வருஷமாகச் சேர்ந்த அந்தச் செல்வம் நம்முடைய ஜிலேபியிடம் இல்லை. ஒரு பெரிய புத்தகத்தின் ஐந்து பக்கங்களை லட்சம் பிரதி அச்சடித்து வைத்திருப்பது போன்ற சமாசாரம் இது. மூலம் கிழிந்தால் பிரதிகளைக் கொண்டு புத்தகத்தை மீட்க முடியாது.

இன்னொரு செய்தியும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1988 முதல் அந்த நைல் மீனைத் தேர்ந்தெடுத்து வளர்த்து ஒரு நயமான ரகம் உண்டாக்கினார்கள். 'கிப்ட் திலாப்பியா' என்று அதற்குப் பெயர். 2009-ல் நம் சர்க்கார் கட்டுப்பாடுகளோடு அந்த வளர்ப்புக்கு இடம் கொடுத்தது. பண்ணையில் பதிவு வேண்டும், தப்பி வெளியே போகாமல் காவல் வேண்டும், ஆண் குஞ்சுகளாகவே வளர்க்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். விதிகளைப் படித்தேன், எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 1952-க்கும் இதற்கும் அந்த மட்டும் வித்தியாசம் தெரிகிறது. விதிகள் குளத்தங்கரையில் நின்று வெள்ளத்தைத் தடுக்குமா என்பதை ஒவ்வொரு மழைக்காலமும் சோதித்துக் கொண்டிருக்கும்.

சரித்திரம் படிப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இந்த மீனைக் காட்டலாம். ஒரு காரியத்தைத் தொடங்க ஒரு கையெழுத்துப் போதும். 1959-ல் இன்னொரு கையெழுத்துப் போட்டு அதை நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மின் நிலையத்தை நிறுத்தினார்கள், சாம்பல் போகவில்லை. முதல் கையெழுத்துக்கு முன்னால் யாரையாவது கேட்டார்களா? அந்தக் கழியில் எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்த மண்ணில் எந்த இறால் மேயும் என்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள் காட்டுக்குப்பத்தில் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதம் இருக்கட்டும், அபிப்பிராயமாவது எந்தக் கடுதாசியிலாவது பதிந்திருக்கிறதா?

மீனுக்குச் சிவப்புப் பட்டியல் போட்டுக் கணக்கு வைக்க உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அது நல்ல காரியந்தான். அந்தக் கூடைக்கார அம்மாளைப் போன்றவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது? தண்ணீர் கலங்கினால் ஓடி ஒளிந்து கொள்ளத் தாயின் வாய் மீன்குஞ்சுக்கு இருக்கிறது. கொசஸ்தலைக் கரையில் தண்ணீர் எப்போதோ கலங்கிவிட்டது. அடுத்தது எது வரப் போகிறது என்று அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எழுபது வருஷமாக நாம் செய்யாத காரியம் அது ஒன்றுதான்.